சேமோர் பாப்பெர்ட்

சேமோர் பாப்பெர்ட் (பெப்ரவரி 29, 1928 – சூலை 31, 2016) தென்னாப்பிரிக்காவில் பிறந்த அமெரிக்கக் கணிதவியலாளர், கணினியியலாளர், கல்வியாளர் ஆவார். சிறுவர்கள் நிரல் எழுதிக் கணிதம் கற்பதற்கென உருவான லோகோ மொழியின் ஆக்குநர்களுள் ஒருவர்.

வாழ்க்கை

பிரிட்டோரியாவில் பிறந்தார். இளமையில் பற்சக்கரங்கள் மீது கொண்ட ஈடுபாடே பெருக்கலையும் சமன்பாடுகளையும் தமக்கு எளிதாக்கியது எனப் பிற்காலத்தில் எழுதினார். நிறவொதுக்கலை எதிர்த்தவர். விட்வாட்டர்சுராண்ட், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் கணிதத்தில் இரு முனைவர் பட்டங்கள் பெற்றார். 1958 முதல் 1963 வரை செனீவாவில் உளவியலாளர் சான் பியாசேயுடன் பணியாற்றினார். குழந்தை தன் அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்னும் கருத்தை அங்கிருந்தே கொண்டுவந்தார். பின்னர் மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்வின் மின்ஸ்கியுடன் செயற்கை நுண்ணறிவு ஆய்வில் ஈடுபட்டார்.

லோகோவும் ஆமையும்

1967இல் வாலி ஃபொயர்சைக், சிந்தியா சாலமன், டேனியல் பாப்ரோ ஆகியோருடன் லோகோவை உருவாக்கினார். அதன் கட்டளைகளுக்கு ஏற்பத் தரையில் நகர்ந்து, எழுதுகோலால் கோடு வரையும் சிறு எந்திரனே ஆமை எனப்பட்டது. பின்னர் அது கணினித் திரைக்கும் வந்தது.

ஆமைக்கு அச்சுகள் தெரியாது; முன்னே செல்லவும் திரும்பவும் மட்டுமே தெரியும். பாய்த்தோணி செலுத்திய தூத்துக்குடித் தண்டல்களுக்கு, திசையும் தொலைவும் கொண்ட இவ்வடிவியல் புதிதன்று. சமபக்க முக்கோணம் வரைய முயலும் மாணவர், பாடநூலில் கற்ற 60 பாகையைக் கொடுத்தால் ஆமை அறுகோணத்தின் பாதியை வரைந்து நிற்கும். தாமே ஆமையாக நடந்து பார்த்தால், திரும்பவேண்டியது வெளிக்கோணமான 120 பாகை என்பதும், மூடிய முக்கோணத்தைச் சுற்றிவர மொத்தம் 360 பாகை திரும்பவேண்டும் என்பதும் விளங்கும். இங்கு பிழை என்பது மதிப்பெண் குறைவதற்கான காரணம் அன்று, திருத்தவேண்டிய வழு மட்டுமே. பாப்பெர்ட்டின் பங்களிப்புகளுள் இதுவே முதன்மையானது எனலாம்.

இக்கருத்துகளை 1980இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் விளக்கினார். லெகோ நிறுவனம் 1998இல் வெளியிட்ட எந்திரன் தொகுதிக்கு அந்நூலின் பெயரே சூட்டப்பட்டது. அதன் விற்பனை 2022இல் நிறுத்தப்பட்டது.

விமர்சனம்

லோகோ கற்றோரின் திட்டமிடும் திறன் பிற பணிகளில் மேம்படவில்லை என 1980களில் ராய் பீ, மிடியன் கர்லண்ட் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. கருவியைத் தனித்து அளப்பது பொருந்தாது, கற்கும் சூழலே முக்கியம் என்பது பாப்பெர்ட்டின் மறுமொழி. பள்ளிகளோ கணினியைத் தனி அறையில் வைத்துத் தனிப்பாடமாக்கின.

இறுதிக்காலம்

2006 திசம்பரில் கணிதக் கல்வி மாநாட்டிற்காக அனோய் சென்றிருந்தபோது, சாலையைக் கடக்கையில் மோட்டார் சைக்கிள் மோதி மூளையில் கடுங்காயமுற்றார். அதன்பின் பொதுவாழ்வுக்கு முழுமையாகத் திரும்பவில்லை. மேய்ன் மாநிலத்தில் காலமானார்.

லோகோவின் வழிவந்த ஸ்க்ராட்ச், 2019இல் வெளியான தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் இடம்பெற்றது. கணிதப் பாடநூலில் அன்று.