சாயப்பானைக்கும் ஒரு குறிப்பு நூல்: எதெல் மைரே அம்மையார் (1872–1952)

ஒடியல் மாவை எத்தனை தண்ணீர் மாற்றினால் கைப்பு நீங்கும், கூழுக்குப் புளியை எப்போது கரைத்து விடுவது என்பதெல்லாம் எங்கள் கீரிமலை அம்மாமாருக்குக் கை அறிந்த கணக்கு. கடதாசியில் எழுதி வைத்தவர்கள் குறைவு. இப்படிக் கையோடு இருந்த அறிவை எழுத்தில் காத்த கலைஞர் ஒருவரை எமது நூற்றாண்டு மலரில் நினைவுகூருவது பொருத்தமானது. அவர் எமது ஊரவர் அல்லர். ஆனால் யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பமொன்றின் மருமகளாக இலங்கைக்கு வந்தவர்.

எதெல் மேரி பாட்ரிட்ஜ் 1872 இல் இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்திலுள்ள பார்ண்ஸ்டபிள் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருந்துக்கடை வைத்திருந்தார். எதெல் பியானோ கற்பிக்கும் தகைமை பெற்று, வீடுகளில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1902 இல் சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனான ஆனந்த குமாரசுவாமியை மணந்தார். அடுத்த ஆண்டு இருவரும் இலங்கைக்கு வந்தனர்.

கணவர் கனிய வள ஆய்வுக்காக ஊர் ஊராகச் சென்றார். உடன் சென்ற எதெல், கண்டிப் பகுதிக் கிராமங்களில் கைவினைஞர்களின் வேலையைக் கண்டு ஒளிப்படம் எடுத்தார். துணிகளையும் தையல் வேலைகளையும் சேகரித்தார். 1907 இல் இங்கிலாந்து திரும்பியபின், அந்த ஒளிப்படங்கள் கணவரின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் இடம்பெற்றன. வில்லியம் மொரிஸின் அச்சுப்பொறியில் 1908 இல் அச்சான அந்நூலின் பிரதிகள் 425 மட்டுமே.

பின்னர் அந்த மணவாழ்வு முறிந்தது. நாற்பதை அண்மித்த வயதில் எதெல் பிறந்த ஊருக்குத் திரும்பித் தறியின் முன் அமர்ந்தார். தமக்கு வேண்டிய நிறங்களைத் தாமே காய்ச்சவும் தொடங்கினார். 1856 இல் பேர்க்கின் என்னும் இளைஞர் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பின்னர், நாட்டுப்புறச் சாய முறைகள் மறைந்துகொண்டிருந்தன. எதெல் அவற்றைத் தேடித் திரட்டி 1916 இல் தாவரச் சாயங்கள் பற்றிய நூலாக வெளியிட்டார்.

சமையற் குறிப்பைப் போலவே அதுவும் பானை, அளவு, நேரம் என்று பேசுகிறது. கம்பளி நூலை முதலில் படிகாரத்தில் அவிக்க வேண்டும். அப்போதுதான் பெரும்பாலான சாயங்கள் நிலைக்கும். மேடர் வேரை மெல்லச் சூடாக்க வேண்டும். கொதிக்க விட்டால் சிவப்பு மங்கும். வெங்காயத் தோல் மஞ்சள் தரும். பாறையிலும் மரத்திலும் படரும் பாசி போன்ற லைக்கன் கபிலம் தரும்.

1913 இல் பிலிப் மைரேயை மணந்த எதெல், பின்னர் சசெக்ஸ் மாவட்டத்தின் டிச்லிங் கிராமத்தில் நெசவுக்கூடம் நிறுவினார். அங்கு பல இளம்பெண்கள் பயின்றனர். தொழில்துறை வடிவமைப்புக்காக பிரித்தானியாவில் வழங்கப்படும் உயர் விருதைப் பெற்ற முதற் பெண்மணியும் அவரே. 1952 இல் காலமானார்.

எமது மண்ணிலும் சாயம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் கிண்டி எடுத்துத் துணிக்குச் சிவப்பேற்றினர். மேடரும் சாயவேரும் ஒரே தாவரக் குடும்பத்தவை. ஆனால் இன்று அந்தச் செடியைக் காட்டினால் எம்மில் எத்தனை பேர் இனங்காண்போம்?

1990 இல் ஊரைவிட்டு வெளியேறியபோது வீடுகளையும் அடுப்படிகளையும் விட்டு வந்தோம். கைப்பக்குவம் மட்டும் கூடவே வந்தது. இன்று கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் சகோதரிகளே, அம்மாவின் கூழையும் அம்மம்மாவின் மருந்துக் கஞ்சியையும் அளவோடு எழுதி வையுங்கள். இயலுமானால் அருகே ஒரு பிளாவையும் வரைந்துவிடுங்கள். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சமைப்பார்கள்.