கழுத்துக் கழலையில் தொடங்கி குழந்தை மூளை வரை: குன்னூர் மருத்துவர் மெக்கரிசன் கண்டதும் தவறவிட்டதும்

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் மளிகைக் கடையில் அயோடின் உப்பு வாங்கினா, பாக்கெட்டில் சிரிக்கும் சூரியன் படம் இருக்கும். கழுத்தில் கழலை வராமல் இருக்கத்தான் அயோடின் என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய விஷயம், வயிற்றில் வளரும் குழந்தையின் மூளை. இந்தத் தொடர்பை 1908-லேயே நெருங்கிப் பார்த்தவர், பின்னாளில் குன்னூரில் ஆய்வுக்கூடம் நடத்திய சர் ராபர்ட் மெக்கரிசன்.

யார் இவர்?

1878-ல் அயர்லாந்தின் போர்ட்டடவுனில் பிறந்தவர். பெல்ஃபாஸ்டில் மருத்துவம் படித்து, 1901-ல் இந்திய மருத்துவப் பணிக்காகக் கப்பலேறினார். அப்போது வயசு 23. முதலில் அன்றைய இந்தியாவின் வடமேற்கு எல்லையில் உள்ள சித்ராலில் வேலை. அப்புறம் கில்கித்.

கில்கித்தில் வரிசையாக இருந்த சில கிராமங்கள் ஒரே வாய்க்கால் தண்ணீரைக் குடித்தன. மேல்மடை ஊரில் கழலை குறைவு. கடைமடைக்குப் போகப் போக அதிகம். ஒவ்வொரு ஊரின் அழுக்கும் அடுத்த ஊரின் குடிநீரில் கலந்தது. அந்தத் தண்ணீரின் கசடை மெக்கரிசன் தானும் குடித்து, முன்வந்த சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. கொதிக்க வைத்த கசடைக் குடித்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கிருமிதான் காரணம் என்று முடிவு கட்டினார்.

எங்கே சறுக்கினார், எங்கே ஜெயித்தார்?

கிருமி விஷயத்தில் சறுக்கல்தான். அயோடின் பற்றாக்குறையே முதன்மைக் காரணம் என்று பின்னாளில் உறுதியானது. ஆனா 1908-ல் அவர் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இன்றும் பேசப்படுகிறது. அந்த மலைப்பகுதிகளில் மூளையும் உடலும் வளர்ச்சி குன்றிய 203 பேரை ஆராய்ந்து, இரண்டு வகையாகப் பிரித்தார். ஒரு வகைக்குக் காது கேளாமை, பேச்சு வராமை, கைகால் விறைப்பு, மாறுகண். இன்னொரு வகைக்குக் குள்ளமான உடல், தடித்த வறண்ட தோல், மந்தம். இவர்களின் தாய்மாருக்குக் கழலை இருந்ததையும் கவனித்தார். பிரச்சினை பிறப்பதற்கு முன்பே, தாயிடமே தொடங்குகிறது என்பதற்கான தடயம் அது.

ஏன் தாய்?

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் குழந்தையின் தைராய்டு ஹார்மோன் சுரக்காது. அதன் மூளை அம்மாவின் தைராக்சினை நம்பித்தான் வளர்கிறது. நரம்புச் செல்கள் சரியான இடத்துக்கு நகரவும், ஒன்றோடொன்று இணையவும் இந்த ஹார்மோன் வேண்டும். பப்புவா நியூகினியில் கருத்தரிக்கும் முன்பே பெண்களுக்கு அயோடின் எண்ணெய் ஊசி போட்டபோது, முதல் வகைப் பாதிப்பைத் தடுக்க முடிந்தது. அந்த முடிவு வெளியானது 1971-ல். அதைப் பார்க்க மெக்கரிசன் உயிரோடு இல்லை.

குன்னூரில் என்ன செய்தார்?

1918-ல் பாஸ்டியர் நிலையத்தில் சத்துக்குறைபாட்டு ஆய்வைத் தொடங்கினார். 1923-ல் அரசின் சிக்கன நடவடிக்கையில் அது நின்றது. 1925-ல் மீண்டும் தொடங்கியது. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார். ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. அரிசியை மட்டுமே பெரிதும் நம்பிய உணவு தின்றவை பின்தங்கின. 1933-ல் சர் பட்டம், 1935-ல் ஓய்வு, 1960-ல் ஆக்ஸ்ஃபோர்டில் மரணம். அவர் வளர்த்த ஆய்வுக்கூடம்தான் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது.

எடை குறைந்த குழந்தைக்கு இதில் என்ன?

2.5 கிலோவுக்குக் கீழ் பிறந்தால் எடை குறைந்த குழந்தை. அவர்களில் குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அம்மாவிடமிருந்து வந்த தைராக்சின் திடீரென நின்றுவிடும். சொந்தச் சுரப்பியோ முழுசா தயாராகியிருக்காது. அதனால் முதல் சில வாரங்களில் ஹார்மோன் அளவு குறைவது சகஜம். பெரும்பாலும் தானாகவே சரியாகும். எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் தைராக்சின் கொடுப்பதால் பலன் என்று நிரூபிக்கப்படவில்லை.

ஆனா சிலருக்கு உண்மையான குறைபாடு தாமதமாகத்தான் தெரியும். பிறந்த சில நாளில் குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்க்கும் சோதனை நார்மல் என்று வந்துவிடலாம். அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு 2 முதல் 4 வாரத்தில் மறுசோதனை செய்யச் சொல்கிறார்கள். மேலூரோ உசிலம்பட்டியோ, எடை குறைந்த குழந்தையோடு வீடு திரும்பும் பெற்றோர், மறுசோதனை எப்போது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. குறைபாடு உறுதியாகி, பிறந்த இரண்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் மூளையைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

கழலை மலைநாட்டு நோய், நமக்கெதுக்கு என்று சமவெளியில் இருப்பவர்கள் விட்டுவிடவும் முடியாது. பக்கத்திலேயே தூத்துக்குடி உப்பளங்கள் இருந்தும், 2018-19 இந்திய அயோடின் ஆய்வில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்திய தமிழக வீடுகள் 61.9 சதவீதம் மட்டுமே. நாட்டிலேயே இதுதான் குறைவு. கல் உப்போ தூள் உப்போ, அந்தச் சூரியன் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.