குதிரையின் வழியில் ஒரு வீரர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும்வரை ஐரோப்பியக் குதிரைவீரர்கள் தடை தாண்டிய முறை இன்று காண்போருக்கு வியப்பளிக்கும். அக்கால ஓவியங்களில் அதனைக் காணலாம். குதிரை மேலெழும்போது வீரர் பின்னோக்கிச் சாய்கிறார். கால்களை முன்னே நீட்டுகிறார். கடிவாள வாரை இறுகப் பற்றி இழுக்கிறார். தரையிறங்குகையில் குதிரையின் மெல்லிய முன்கால்கள் அத்தனை சுமையைத் தாங்கமாட்டா. பின்னே சாய்ந்து குதிரையின் தலையை உயர்த்திப் பிடித்தால் பின்கால்கள் சுமையை ஏற்கும் என்று அவர்கள் நம்பினர். குதிரையைக் காக்கும் எண்ணத்தில் பிறந்த நம்பிக்கைதான் அது. ஆயினும் அதனால் துன்புற்றதும் குதிரையே. அந்நம்பிக்கையை அசைத்தவர் ஃபெதெரிக்கோ கப்ரில்லி என்னும் இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி.

கப்ரில்லி 1868ஆம் ஆண்டு இத்தாலியின் லிவோர்னோ துறைமுக நகரில் பிறந்தார். படைத்துறைப் பள்ளிகளில் கல்வி கற்றுக் குதிரைப்படையில் இளம் அதிகாரியானார். ஆல்ப்சு மலையடிவாரத்திலுள்ள பினெரோலோ குதிரையேற்றப் பள்ளியிலும், உரோம் நகருக்கு அருகில் தோர் தி குயிந்தோவில் அமைந்த பயிற்சிக் களத்திலும் அவருடைய திறம் வளர்ந்தது. அக்காலத்தில் சிறந்த குதிரையேற்றம் என்பது அரங்கிற்குள் நிகழும் நுண்கலையாகவே மதிக்கப்பட்டது. கழுத்தை வளைத்து, அடிகளைச் சுருக்கி, ஏறியிருப்பவரின் ஒவ்வொரு குறிப்புக்கும் ஏற்ப நடக்குமாறு குதிரையைப் பழக்குவார்கள். ஆனால் போரின் இயல்பு மாறிக்கொண்டிருந்தது. தொலைவிலிருந்து சுடும் துப்பாக்கிகளின் முன் அணிவகுத்துப் பாய்வதைவிட, வேலிகளையும் பள்ளங்களையும் கற்சுவர்களையும் கடந்து விரைந்து சென்று உளவறிந்து திரும்புவதே குதிரைப்படையின் முதன்மைப் பணியாக வேண்டியிருந்தது. அரங்கில் அழகாக நடந்த குதிரைகள் திறந்தவெளியில் தடைகளின் முன் தயங்கி நின்றன. அத்தயக்கத்தைப் பிடிவாதம் என்று கருதிப் பலரும் சாட்டையை எடுத்தனர். கப்ரில்லியோ குதிரை ஏன் மறுக்கிறது என்று கேட்டார்.

விடை தேட அவர் முதலில் குதிரையின் முதுகிலிருந்து மனிதனை இறக்கினார். சேணமும் சுமையும் இன்றிக் குதிரைகளைத் தாமாகவே தடை தாண்டவிட்டுக் கூர்ந்து நோக்கினார். ஒளிப்படக் கருவியின் துணையையும் நாடினார். கண்ணிமைக்கும் பொழுதில் முடிந்துவிடும் பாய்ச்சலின் ஒவ்வொரு நிலையையும் படங்கள் நிறுத்திக் காட்டின. தடையை நெருங்கும் குதிரை தலையைத் தாழ்த்தித் தொலைவை அளக்கிறது. பின்கால்களை ஊன்றி எழும்பியதும் தலையையும் கழுத்தையும் முன்னும் கீழுமாக நீட்டுகிறது. முதுகு வில்லென வளைகிறது. தரையிறங்கும்போது முதலில் நிலத்தைத் தொடுவன முன்கால்களே. பின்கால்கள் முதலில் ஊன்றும் என்ற பழைய நம்பிக்கைக்கு இயற்கையில் இடமே இல்லை.

இதிலிருந்து குதிரை மறுப்பதன் காரணம் தெளிவாயிற்று. கழுத்தை நீட்ட வேண்டிய கணத்தில் கடிவாளம் அதன் வாயை வெட்டி இழுக்கிறது. முதுகை வளைக்க வேண்டிய கணத்தில் மனிதனின் எடை இடுப்பின்மேல் மோதுகிறது. முதுகு குழிய, பின்கால்கள் தாழ்ந்து தடைமரத்தில் இடிபடுகின்றன. தாண்டும்போதெல்லாம் வலியையே பெற்ற குதிரை, அடுத்த தடையைக் கண்டதும் நின்றுவிடுவதில் வியப்பென்ன?

மாற வேண்டியது குதிரையன்று, ஏறியிருப்பவரே என்ற முடிவுக்கு வந்தார் கப்ரில்லி. அங்கவடிகளின் வாரைக் குறுக்கினார். அதனால் வீரரின் முழங்கால் மடிந்து சேணத்தோடு பொருந்தியது, குதிகால் தாழ்ந்தது, உடலின் எடை முழங்காலிலும் அங்கவடியிலும் தங்கியது. குதிரை எழும்பும்போது இருக்கை சேணத்தைவிட்டுச் சற்றே உயரும். முதுகைக் கூனாமல், இடுப்பு மூட்டிலிருந்து உடல் முன்னோக்கி மடியும். பார்வை நேர்முன்னே நிலைக்கும். கைகள், நீளும் குதிரை வாயைப் பின்தொடர்ந்து முன்னே செல்லும். வாரில் மெல்லிய தொடர்பு மட்டுமே எஞ்சியிருக்கும். தரையிறங்கிய பின்னரும் வீரர் பொத்தெனச் சேணத்தில் விழலாகாது. குதிரை தன் அடியை மீண்டும் பெறும்வரை அந்நிலையிலேயே தொடர வேண்டும்.

முன்சாயும் இருக்கை என இம்முறைக்கு ஏற்பட்ட பெயர் சிலரைத் தவறான வழியில் செலுத்தியது. அவர்கள் குதிரை எழும்புமுன்னரே அதன் கழுத்தின்மேல் பாய்ந்து விழுந்தனர். அவ்வாறு முந்திச் சாய்வதும் பின்சாய்வதைப் போன்ற பிழையே. எழும்ப வேண்டிய முன்கால்களின்மேல் அது சுமையை ஏற்றிவிடுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள கால் பின்னே நழுவினாலும் உடல் நிலை குலைந்து முன்னே சரியும். கப்ரில்லி நாடியது முந்துவதையன்று, உடன்செல்வதை. குதிரையின் எடைமையம் எங்கு நகர்கிறதோ அங்கேயே வீரரின் எடையும் நகர வேண்டும் என்பதே அவர் முறையின் உயிர். தோர் தி குயிந்தோவின் செங்குத்தான சரிவுகளில் இறங்கும்போதும் அவர் வழிவந்தோர் இவ்வாறே முன்நோக்கி அமர்ந்தனர். பார்த்தவர்களுக்கு அது தற்கொலை முயற்சியாகவே தோன்றியிருக்கும்.

மரபில் ஊறிய மேலதிகாரிகள் பலர் இதனை ஏற்கவில்லை. நூற்றாண்டுகளாகப் போற்றப்பட்ட கலையை ஓர் இளம் அதிகாரி மறுப்பதா என்ற சினம் அவர்களுக்கு. கப்ரில்லி இத்தாலியின் தென்பகுதியிலிருந்த படைப்பிரிவு ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அங்கே தேர்ந்தெடுத்த உயர்குலக் குதிரைகள் இல்லை. சாதாரணப் படைக்குதிரைகளும் சாதாரண வீரர்களுமே இருந்தனர். அவர்களுக்கே தம் முறையைக் கற்பித்தார். மேதைக்கு மட்டும் கைவரும் வித்தையன்று இது என்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான களம் அமைந்திருக்க முடியாது.

1901ஆம் ஆண்டு, திறந்தவெளிக் குதிரையேற்றத்தின் கொள்கைகளைக் குதிரைப்படை இதழ் ஒன்றில் கட்டுரையாக எழுதினார். அவர் எழுதியவை மிகக் குறைவு. அவருடைய கருத்துகள் பெரிதும் மாணவர் வாயிலாகவே பரவின. மறு ஆண்டு தூரின் நகரில் நடைபெற்ற பன்னாட்டுப் போட்டியில் மெலோபோ என்னும் குதிரையின்மீது அமர்ந்து 2.08 மீட்டர் உயரத்தைத் தாண்டினார். நெடிதுயர்ந்த மனிதன் ஒருவனின் தலைக்கும் மேலான உயரம் அது. கட்டுரைக்கு மறுப்பு எழுத முடியும். அந்தத் தாண்டலுக்கு எழுத முடியாது. எதிர்ப்பு மெல்லத் தளர்ந்தது. பினெரோலோவுக்குத் திரும்பிய கப்ரில்லியின் முறையை இத்தாலியக் குதிரைப்படை தன் பயிற்சியாகவே ஏற்றுக்கொண்டது.

அவ்வெற்றியை அவர் நெடுநாள் காணவில்லை. 1907 டிசம்பர் மாதம் தூரின் நகரில் குதிரையொன்றை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோ வேலியோ எதிரில் இல்லை. குதிரை நடையாகவே சென்றுகொண்டிருந்தது. உறைபனி படர்ந்த தெருவில் கீழே விழுந்து தலையில் அடிபட்ட அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு அகவை முப்பத்தொன்பது.

பல நாட்டு அதிகாரிகள் பினெரோலோவுக்கும் தோர் தி குயிந்தோவுக்கும் வந்து கற்றுத் திரும்பினர். 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் போட்டியில் தடைதாண்டலில் தனிநபர் தங்கத்தை வென்றவர் தொமாசோ லெக்குயோ என்னும் இத்தாலியர். இத்தாலியில் பயின்ற அமெரிக்க அதிகாரி ஹாரி சேம்பர்லின், 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அதே போட்டியில் வெள்ளி வென்றார். அம்முறையைத் தம் நாட்டுப் படையிலும் பரப்பினார். பின்னர்க் குதிரைப்படைகளே போர்க்களத்தைவிட்டு மறைந்தன. ஆயினும் இன்று குதிரையேற்றப் பள்ளியில் முதன்முதலாகச் சிறுதடை ஒன்றைத் தாண்டவிருக்கும் சிறுமியிடம், அங்கவடியைக் குறுக்கிக்கொள், கைகளை முன்னே விடு என்றுதான் பயிற்சியாளர் சொல்கிறார். கப்ரில்லியின் பெயரை அவள் கேள்விப்பட்டிருக்கமாட்டாள்.