மருந்து கொடுக்கும் கைக்குக் காவல் வைத்தவர்

சாலவாக்கத்தில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூர் வட்டாரத்தில் உள்ள ஊர் அது. தாய் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுகிறாள். டாக்டர் பார்த்துவிட்டுச் சீட்டு எழுதுகிறார். சீட்டில் உள்ள எழுத்து தாய்க்குப் புரியாது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் சீட்டை நீட்டுகிறாள். உள்ளே இருந்து ஒரு கை மருந்தை எடுத்துக் கொடுக்கிறது.

அந்தக் கை தவறினால் என்ன ஆகும்?

பெயரில் ஒரு எழுத்தை மாற்றிப் படித்தால் மருந்தே மாறிவிடும். அளவில் ஒரு புள்ளியைக் கவனிக்காமல் விட்டால் பத்து மடங்கு கூடிவிடும். தாய்க்கு இது தெரியாது. கொடுத்ததை நம்பிக் குழந்தைக்குப் புகட்டுவாள்.

ஆகவேதான், அந்த ஜன்னலுக்குப் பின்னால் யார் நிற்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மருந்தாளுநர் படிப்புப் படித்தவர்கூட உடனே தனியாக நின்றுவிட முடியாது. முதலில் தேர்ந்த ஒருவரின் பக்கத்தில் நின்று பழக வேண்டும். டிப்ளமா படித்தவருக்கு அந்தப் பயிற்சி 500 மணி நேரம்.

இந்தச் சட்டத்துக்கு அடிக்கல் நாட்டியவர் ஒரு பஞ்சாப் டாக்டர். அவர்தான் சர் ராம்நாத் சோப்ரா.

சீமையில் படிப்பு

சோப்ரா 1882-ம் ஆண்டு ஆகஸ்டு 17-ந் தேதி குஜ்ரன்வாலாவில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. லாகூரில் படித்தார். பிறகு சீமைக்குக் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

அங்கே டிக்சன் என்ற பேராசிரியர் இருந்தார். ஒரு மருந்து உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவர் அவர். சோப்ராவின் மனம் அந்த ஆராய்ச்சியில் ஒட்டிக்கொண்டது. கடைசிவரை அது விலகவே இல்லை.

1908-ம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அது ராணுவத்தோடு சேர்ந்த உத்தியோகம். முதல் உலக யுத்தத்தின்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தார்.

1921-ம் ஆண்டு கல்கத்தாவில் வெப்பமண்டல நோய் மருத்துவப் பள்ளியில் மருந்தியல் பேராசிரியர் ஆனார். நமது நாட்டு மூலிகைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார். ரத்தக் கொதிப்புக்குப் பிற்காலத்தில் உலகமே பயன்படுத்திய சர்ப்பகந்தி வேரை ஆராய்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

யார் வேண்டுமானாலும் கடை வைக்கலாம்!

அந்தக் காலத்து மருந்துக்கடையை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள்.

டாக்டர் சீட்டு எழுதுவார். கம்பவுண்டர் மருந்தைக் கலக்குவார். நோயாளி வீட்டிலிருந்து புட்டி கொண்டுபோக வேண்டும். புட்டியின் பக்கத்தில் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டியிருப்பார்கள். ஒரு பல் ஒரு வேளைக்கு என்று கணக்கு.

அந்தக் கம்பவுண்டர் என்ன படித்தவர்? சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற சில இடங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்குப் பயிற்சி கொடுத்தார்கள். முறையாகப் பயின்ற நல்ல கம்பவுண்டர்கள் இருந்தார்கள். ஆனால் பயின்றே தீரவேண்டும் என்று நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம் இல்லை. விஷம், அபின் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனிச் சட்டங்கள் இருந்தன. மற்றபடி பணம் இருந்தால் மருந்துக்கடை வைக்கலாம். நேற்று பெட்டி தூக்கியவர் இன்று மருந்து கலக்கலாம்.

மலேரியா மக்களை வாட்டிய காலம் அது. அதற்குக் கொயினாதான் மருந்து. அதிலும் கலப்படம் நடந்தது. சத்து இல்லாத கொயினாவைச் சாப்பிட்டவருக்குக் காய்ச்சல் எப்படி இறங்கும்?

1927-ம் ஆண்டு டெல்லி மேல்சபையில் சர் ஹாரூன் ஜாபர் என்பவர் இந்தப் பிரச்சினையைக் கிளப்பினார். மருந்துகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

சோப்ரா கமிட்டி

1930-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அரசாங்கம் ஒரு விசாரணைக் கமிட்டியை அமைத்தது. சோப்ரா அதன் தலைவர்.

கமிட்டி பல மாகாணங்களில் விசாரித்தது. 1931-ம் ஆண்டு அறிக்கை கொடுத்தது. நாட்டில் போலி மருந்தும் தரம் குறைந்த மருந்தும் தாராளமாக விற்கப்படுவதை அறிக்கை எடுத்துக்காட்டியது.

சோப்ரா இரண்டு காவல்கள் வேண்டும் என்றார்.

ஒன்று மருந்துக்குக் காவல். அதைச் சோதிக்க ஆய்வுக்கூடமும், தவறு செய்தவரைத் தண்டிக்கச் சட்டமும் வேண்டும்.

மற்றொன்று மருந்து கொடுக்கும் கைக்குக் காவல். மருந்து கலப்பவருக்கு முறையான படிப்பும் பயிற்சியும் வேண்டும். அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

அறிக்கை வந்த மறுநாளே சட்டம் வந்துவிடவில்லை. ஆண்டுகள் ஓடின. 1937-ல் கல்கத்தாவில் மருந்துச் சோதனைக்கூடம் அமைந்தது. அதற்கும் சோப்ராவே தலைமை வகித்தார். 1940-ல் மருந்துச் சட்டம் வந்தது. 1941-ல் அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

இதற்கிடையில் காசி இந்து பல்கலைக்கழகத்தில் மகாதேவ லால் ஷ்ராப் என்ற பேராசிரியர் மருந்தாளுநர் படிப்பைத் தொடங்கிவிட்டார். 1937-ல் அது பட்டப் படிப்பாக ஆயிற்று. சோப்ரா கேட்ட படித்த கைகள் அங்கே உருவாகத் தொடங்கின.

இரண்டாவது காவல் சுதந்திர இந்தியாவில்தான் பிறந்தது. 1948-ம் ஆண்டு மார்ச் 4-ந் தேதி பார்மசி சட்டம் வந்தது. மறு ஆண்டு இந்திய பார்மசி கவுன்சில் அமைந்தது. அறிக்கைக்கும் சட்டத்துக்கும் நடுவே 17 ஆண்டுகள்!

பழைய கம்பவுண்டர்கள் கதி என்ன?

சட்டம் அவர்கள் வயிற்றில் அடிக்கவில்லை. ஆஸ்பத்திரியிலோ மருந்தகத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டு மருந்து கலந்து பழகியவர்களையும் முதல் பதிவேட்டில் சேர்த்துக்கொள்ள வழி வைத்தது. அதன் பிறகு வருகிறவர்களுக்குப் படிப்பும் பயிற்சியும் கட்டாயம் ஆயிற்று.

அந்த 500 மணி நேரம்

இப்போது பயிற்சிக்கு வருவோம். உங்கள் வீட்டுப் பிள்ளை டி.பார்ம் படித்தால் இது உதவும்.

1991-ம் ஆண்டு விதிகள் இதை விளக்கமாகச் சொல்லின. மூன்று மாதத்துக்குக் குறையாமல், மொத்தம் 500 மணி நேரம் பயிற்சி. அதில் 250 மணி நேரமாவது டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கொடுத்துப் பழக வேண்டும். 2020-ம் ஆண்டு விதிகளும் 500 மணி நேரப் பயிற்சியைக் கைவிடவில்லை.

பயிற்சிக்குப் போகுமுன் கல்லூரித் தலைவரிடம் ஒப்பந்தப் படிவம் வாங்க வேண்டும் என்றது 1991 விதி. அது மூன்று பிரதி. பயில்கிறவரும் பயிற்றுவிக்கிறவரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். அதுதான் பயிற்சிக்கு அனுமதிச் சீட்டு மாதிரி.

ஒரே ஒரு பதிவு பெற்ற மருந்தாளுநர் உள்ள இடத்தில் இரண்டு மாணவர்களுக்கு மேல் சேர்க்கக் கூடாது என்றும் அந்த விதி சொன்னது. ஏன்? பத்துப் பேர் நின்றால் ஒருவர் கண் எல்லார் கையையும் பார்க்க முடியுமா?

சீட்டைப் படிப்பது, அளவைச் சரிபார்ப்பது, மருந்தைக் கெடாமல் வைப்பது, கணக்குப் புத்தகம் எழுதுவது, இவையெல்லாம் பயிற்சியில் அடக்கம். முடித்துச் சான்று பெற்ற பிறகு, மற்ற விதிகளையும் நிறைவு செய்து, மாநில பார்மசி கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். பார்ம்.டி. படிப்பவர்களுக்கு முழுதாக ஓர் ஆண்டுப் பயிற்சி உண்டு.

மற்ற தேசங்களிலும் இப்படித்தான். அமெரிக்காவின் பல மாநிலங்களில், பயிற்சிக்கு நிற்கும் மாணவரே முதலில் மாநில வாரியத்திடம் அனுமதி பெற வேண்டும்.

சிலருக்கு இது வீண் அலைச்சலாகத் தோன்றும். தெரிந்த கடையில் கையெழுத்து மட்டும் வாங்கிவிடலாமே என்று நினைப்பார்கள். அது பிறரை ஏமாற்றுவது அல்ல. நாளை தன் கையிலிருந்து மருந்து வாங்கப்போகும் குழந்தையை ஆபத்தில் தள்ளுவது.

நம் கண் முன் நடந்தது

2025-ம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். மருந்தில் விஷ ரசாயனம் கலந்திருந்தது. அது தயாரான இடம் நமது காஞ்சிபுரம் மாவட்டம். மருந்துக்குப் போட்ட காவல் அங்கே தவறியது.

அந்த வகைச் சளி மருந்துக் கலவையை நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023-லேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்திருந்தது. புட்டிக்குள் இருந்த விஷத்தை மருந்து கொடுப்பவர் கண்ணால் பார்த்திருக்க முடியாது. ஆனால் குழந்தைக்கு என்ன வயது என்று கேட்க முடியும். முதல் காவல் தூங்கும்போது இரண்டாவது காவல் விழித்திருக்க வேண்டும். சோப்ரா இரண்டையும் கேட்டதன் அருமை இப்போது புரிகிறது அல்லவா?

கடைசி நாட்கள்

கல்கத்தாவை விட்ட பிறகும் சோப்ரா ஓய்ந்து உட்காரவில்லை. காஷ்மீர் பக்கம் போய் மருந்து ஆராய்ச்சியை நடத்தினார். நாட்டு வைத்திய முறைகளை ஆராய 1946-ல் அமைந்த கமிட்டிக்கும் தலைவரானார். 1973-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 90.

அவர் பெயர் சாலவாக்கத்துத் தாய்க்குத் தெரியாமல் இருக்கலாம். அதனால் குறை ஒன்றும் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் பெண் சீட்டை இரண்டு தடவை படிக்கிறாள். குழந்தையின் வயதைக் கேட்கிறாள். ஒரு வேளைக்கு எவ்வளவு என்று தாய்க்குப் புரியும்படி சொல்கிறாள். பிறகுதான் புட்டியைக் கொடுக்கிறாள்.

சோப்ரா கேட்டதும் அதைத்தான்.