நாலு பேரில் தொடங்கிய கழகம்

வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்க ஆளில்லாமல் அறைக்குள்ளேயே கிடந்தவன் நான். அதனாலோ என்னவோ, போல் ஹரிஸின் கதை எனக்கு உடனே பிடித்துவிட்டது.

1868இல் அமெரிக்காவில் பிறந்து, வெர்மொன்ட் மாநிலத்துச் சிற்றூரொன்றில் பாட்டன் பாட்டியோடு வளர்ந்தவர். 1896இல் சிக்காகோவுக்கு வந்து வழக்கறிஞரானார். தொழில் இருந்தது; ஊரிலை போல சிநேகிதம் இல்லை. 1905 பெப்ரவரி 23 இரவு மூன்று பேரோடு ஒரு கந்தோரில் கூடினார். கூட்டம் ஒவ்வொருவர் இடத்திலும் மாறி மாறி நடந்ததால் றோட்டறிக் கழகம் எண்டு பெயர் வந்தது.

முதல் தலைவர் அவரில்லை, நிலக்கரி வியாபாரியான சில்வெஸ்டர் ஷீல். எங்கட ஆக்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவேணும்! தொடக்கத்தில் தங்களுக்குள் வியாபாரம் பிடித்துக் கொடுத்ததும் உண்மைதான். பிறகுதான் சேவை. ஆரம்பப் பணிகளில் ஒன்று சிக்காகோவில் பொதுக் கழிப்பிடம் கட்டுவித்தது. சிரிக்காதேங்கோ, அந்நிய நகரத்தில் அதைத் தேடி அலைந்தவர்கள் நாங்கள்.

1910இல் 16 கழகங்கள். 1929இல் கொழும்பிலும் ஒன்று. ஹரிஸ் 1947இல் சிக்காகோவிலேயே கண்மூடினார்.