வைரஸின் உள்ளே கண்ட பெண்மணி: ரோசலின்ட் பிராங்க்ளின்

நம் கோட்டைக்குப்பத்தில் கொல்லையில் நட்ட வெண்டைச் செடியின் இலை நரம்புகள் மஞ்சளித்துப் போவதைப் பார்த்திருப்போம். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய். செடிகளைத் தாக்கும் இத்தகைய நச்சுயிரிகளுள் ஒன்றின் உள்ளமைப்பை உலகுக்குக் காட்டியவர் ரோசலின்ட் பிராங்க்ளின் என்னும் பெண்மணி.

இவர் 1920ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் லண்டனில் பிறந்தார். செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் படித்து, 1938இல் கேம்பிரிட்ஜ் நியூன்ஹாம் கல்லூரியில் சேர்ந்தார். நிலக்கரியின் நுண்துளைகளை ஆராய்ந்து 1945இல் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு பாரிஸ் நகரில் எக்ஸ் கதிர்களைக் கொண்டு பொருள்களின் அமைப்பை அறியும் முறையில் தேர்ச்சி பெற்றார்.

1951இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் டி.என்.ஏ.வை ஆராயத் தொடங்கினார். 1952இல் அவரது மேற்பார்வையில் எடுக்கப்பட்ட சிறந்த எக்ஸ் கதிர்ப் படம் ஒன்று, அவர் அறியாமலே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டுப் புகழடைந்தனர்.

பிராங்க்ளின் அதே ஆண்டில் பிர்க்பெக் கல்லூரிக்கு மாறி, புகையிலைத் தேமல் வைரஸை எடுத்துக்கொண்டார். அது 300 நானோமீட்டர் நீளமுள்ள நுண்குழல். சுமார் 2,130 புரதத் துண்டுகள் சுருள்படிக்கட்டைப் போல் அதில் அடுக்கப்பட்டுள்ளன. ஆர்.என்.ஏ. இழை குழலின் நடு வெற்றிடத்தில் இல்லை. புரதங்களுக்கிடையே பதிந்து சுற்றிச் செல்கிறது என்று அவர் நிறுவினார்.

அந்த இழையில்தான் வைரஸின் வித்தை முழுவதும் அடங்கியிருக்கிறது. இலையில் ஏற்பட்ட காயத்தின் வழியே செல்லுக்குள் புகுந்ததும் வைரஸ் தன் புரதச் சட்டையைக் கழற்றுகிறது. செடியின் ரைபோசோம்கள் அவ்விழையைத் தம் செல்லின் கட்டளையைப் போலவே படித்து, நகலெடுக்கும் நொதியை உண்டாக்கித் தருகின்றன. அந்நொதி முதலில் ஓர் எதிர் இழையைச் செய்கிறது. பின்னர் அதையே அச்சாகக் கொண்டு மூல இழைகள் பலவற்றை வார்த்தெடுக்கிறது. அவை சட்டை அணிந்து புதிய வைரஸ்களாகின்றன. வீட்டுக்காரர் அடுப்பிலேயே திருடன் சமைத்து உண்பது போன்றது இது!

1956இல் பிராங்க்ளினுக்குப் புற்றுநோய் கண்டது. சிகிச்சைக்கு இடையிலும் ஆராய்ச்சியை அவர் விடவில்லை. 1958 ஏப்ரல் 16ஆம் நாள், 37ஆம் வயதில் காலமானார். மறுநாள் பிரஸ்ஸல்ஸ் உலகப் பொருட்காட்சி தொடங்கியது. அங்கே அவர் உருவாக்கிய வைரஸ் மாதிரி வைக்கப்பட்டிருந்தது. 1962இல் டி.என்.ஏ. ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டபோது அதைப் பெற அவர் உயிரோடில்லை. அவருடன் உழைத்த ஆரன் குளுக் 1982இல் நோபல் பரிசு பெற்றார்.

தோழியரே, தேமல் விழுந்த இலையைக் காணும்போதெல்லாம், பிறர் புகழ்பெற்ற வேளையிலும் தம் வேலையில் தளராத இவரை நினைவுகூர்வோம்.