தலையில் சொரியாசிஸ்... விக் வைக்காமல் பாரிஸைக் கவர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின்! ரோமத் தொப்பிக்குள் இருந்த ரகசியம் என்ன?

எறையூர் பஸ் ஸ்டாப் சலூனாக இருந்தாலும் சரி, சென்னையில் ஏ.சி. பார்லராக இருந்தாலும் சரி... கறுப்புத் துணியைப் போர்த்தி, தலையில் சீப்பு வைத்ததும் வெள்ளை வெள்ளையாகச் செதில் கொட்டினால், உட்கார்ந்திருப்பவருக்குக் கூனிக் குறுகிப் போகும். அடுத்த நாற்காலியில் இருப்பவர் கொஞ்சம் தள்ளி உட்காருவார். சீப்பைத் தனியாக எடுத்து வைப்பார்கள். தலையில் சொரியாசிஸ் உள்ள பலருக்கும் இது பழகிப்போன அவமானம்.

இதே அவஸ்தையை 250 வருஷத்துக்கு முன்பு ஒரு பெரிய மனிதரும் பட்டிருக்கிறார். அமெரிக்காவின் 100 டாலர் நோட்டில் இருக்கும் அதே பெஞ்சமின் பிராங்க்ளின்தான் அவர். அந்த நோட்டை நல்லா கவனித்தால் ஒன்று தெரியும். அவர் காலத்துப் பெரிய மனிதர்கள் பலர் விக் வைத்துப் படத்துக்கு உட்கார்ந்தார்கள். இவர் தலையில் விக் இல்லை. சொந்த முடிதான் தோள்வரை தொங்குகிறது.

யார் இந்த பிராங்க்ளின்?

1706 ஜனவரி 17-ம் தேதி பாஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பாவுக்கு சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்யும் தொழில். வீடு நிறைய பிள்ளைகள். பத்து வயதிலேயே படிப்பு நின்றுபோனது. அண்ணனின் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தார். அண்ணனோடு ஒத்துவரவில்லை. 17 வயதில் வீட்டுக்குத் தெரியாமல் கிளம்பி பிலடெல்பியாவுக்குப் போனார்.

அங்கே அச்சுத் தொழிலிலும் பத்திரிகையிலும் நன்றாகச் சம்பாதித்தார். நூலகம், தீயணைப்புக் குழு, மருத்துவமனை என ஊருக்குப் பலதும் செய்தார். மின்னலும் மின்சாரம்தான் என்று காட்டிய ஆய்வும், கட்டடங்களைக் காக்கும் இடிதாங்கியும் அவர் பெயரை ஐரோப்பா முழுக்கக் கொண்டு போயின. 1776-ல் அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டபோது அவருக்கு வயது 70.

70 வயதில் ஒரு கஷ்டமான பயணம்

அதே வருஷம் வசந்த காலத்தில், பிரிட்டனுக்கு எதிரான போரில் ஆதரவு கேட்டு கனடாவுக்கு அனுப்பப்பட்டார். பனி உருகாத நேரம். போன காரியம் தோல்வி. உடம்பில் கட்டிகள், கால்களில் வீக்கம். அந்தப் பயணத்திலிருந்து அவர் கொண்டுவந்தவற்றில் உருப்படியானது ஒரு ரோமத் தொப்பி.

சில மாதங்களில் அடுத்த வேலை வந்தது. பிரான்ஸ் உதவி இல்லாமல் போரில் ஜெயிக்க முடியாது என்ற நிலை. அதைக் கேட்டு வாங்கப் பொருத்தமான ஆள் இவர்தான் என்று முடிவானது. 1776 அக்டோபர் கடைசியில் இரண்டு பேரன்களோடு கப்பல் ஏறினார். டிசம்பர் தொடக்கத்தில் பிரான்ஸ் கரையில் இறங்கியபோது நிற்கவே தெம்பில்லாமல் சோர்ந்து போயிருந்தார்.

தலையில் என்ன பிரச்சினை?

பிராங்க்ளினுக்குத் தலைத்தோல் தடித்து, செதில் செதிலாக உதிரும் தொந்தரவு இருந்தது. 1777 அக்டோபரில், பாரிஸுக்குப் பக்கத்தில் பாஸி என்ற இடத்தில் தங்கியிருந்தபோது, தன் உடல்நிலையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினார். தலைமுடிக்கு அடியில் இருந்த செதில் முதுகு, கை, கால் என்று பரவியதை, மின்னலைக் கவனித்த அதே பொறுமையோடு எழுதி வைத்தார்.

அந்தக் காலத்தில் இந்த நோய்க்கு இன்றைய பெயர் நிலைத்திருக்கவில்லை. அவர் எழுதியதை வைத்துத்தான், அது சொரியாசிஸாக இருக்க வேண்டும் என்று பிற்கால மருத்துவர்களும் வரலாற்று ஆய்வாளர்களும் சொல்கிறார்கள்.

விக்குக்குப் பதில் தொப்பி

அன்றைய பாரிஸில் மரியாதைப்பட்டவர் என்றால் தலையில் விக், அதன்மேல் வெள்ளைப் பவுடர். புண்பட்டு அரிக்கும் தலையில் இறுக்கமாக ஒரு விக்கை மாட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பிராங்க்ளின் விக்கை விட்டுவிட்டு, நெற்றிவரை இறங்கும் அந்த ரோமத் தொப்பியை மாட்டிக்கொண்டார். குளிருக்கும் ஆச்சு, தலைக்கும் ஆச்சு. சாதாரணக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, ரோமத் தொப்பி என அவர் தெருவில் இறங்கினால், பவுடர் பூசிய தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

ஆனால் நடந்தது கேலி இல்லை. காட்டுப்பக்கத்திலிருந்து வந்த எளிமையான ஞானி என்று மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். தொப்பியோடு இருக்கும் அவர் படம் 1777-ல் அச்சாகி விற்றது. மோதிரம், பொடி டப்பா என்று எல்லாவற்றிலும் அவர் முகம் வந்தது. பெண்கள் அந்தத் தொப்பி மாதிரியே கொண்டை போட்டார்கள். வரவேற்பைப் பார்த்ததும் பிராங்க்ளினும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் லேசுப்பட்ட ஆள் இல்லை!

தொப்பியால் மட்டும் பிரான்ஸ் மசிந்துவிடவில்லை. 1777 அக்டோபரில் சரடோகா போரில் அமெரிக்கர்கள் ஜெயித்தது பெரிய திருப்பம். 1778 பிப்ரவரி 6-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த மாதம் மன்னர் பதினாறாம் லூயியை அரண்மனையில் சந்தித்தபோதும் பிராங்க்ளின் விக் வைக்கவில்லை.

என்ன சிகிச்சை எடுத்தார்?

இங்கேதான் கதையின் கசப்பான பகுதி. நோய் குறையாததால் பெல்லோஸ்ட் மாத்திரை என்ற மருந்தைச் சாப்பிட்டார். அன்று ஐரோப்பாவில் பிரபலமான அதில் இருந்தது பாதரசம். ஈறு, பல், சிறுநீரகம், நரம்பு என்று பாதரசம் எதையும் விட்டு வைக்காது என்பது இன்று நமக்குத் தெரியும். அவ்வளவு விலை கொடுத்தும் நோய் ஒழியவில்லை. வெந்நீரில் நீண்ட நேரம் ஊறிக் குளிப்பதும் அவருடைய வழக்கம். செதிலை ஊறவைத்து மென்மையாக்கும் அந்த யோசனையில் அர்த்தம் இருந்தது.

1785-ல் ஊர் திரும்பினார். 1787-ல் அமெரிக்க அரசியல் சாசனத்திலும் கையெழுத்திட்டார். 1790 ஏப்ரல் 17-ல், 84 வயதில், நுரையீரல் பாதிப்பால் இறந்தார். தோல் நோய் அவரைக் கடைசிவரை எந்த வேலையிலிருந்தும் தடுக்கவில்லை.

அப்புறம்தான் தெளிவு பிறந்தது

பல நூற்றாண்டுகளாகச் சொரியாசிஸையும் தொழுநோயையும் ஒன்றாகவே போட்டுக் குழப்பினார்கள். நோயாளிகளை ஒதுக்கியும் வைத்தார்கள். 1800-களின் தொடக்கத்தில் லண்டன் மருத்துவர் ராபர்ட் வில்லன் இதைத் தெளிவாக விவரித்தார். 1841-ல் வியன்னாவின் பெர்டினாண்ட் ஹீப்ரா இது தொழுநோயே இல்லை என்று பிரித்துக் காட்டினார்.

உண்மையில் உள்ளே நடப்பது இதுதான். தோல் புதுப்பித்துக்கொள்ள சராசரியாக ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாகத் தூண்டப்படுவதால், அந்த வேலை சில நாட்களிலேயே நடக்கிறது. உதிரக் காலம் வராத தோல் அடுக்கடுக்காகச் சேர்ந்து வெள்ளிச் செதிலாகிறது. கிருமி காரணம் இல்லை. சீப்பு, துண்டு, தலையணை எதன் வழியாகவும் ஒட்டாது. 2014-ல் உலக சுகாதார அமைப்பின் உறுப்பு நாடுகள் போட்ட தீர்மானமும் இதைத் தொற்றாத நோய் என்றே சொல்கிறது.

பொடுகா, சொரியாசிஸா? எப்படிக் கண்டுபிடிப்பது?

* பொடுகு பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கோடு மெல்லியதாக உதிரும். சொரியாசிஸ் செதில் தடிப்பாக, காய்ந்து, வெள்ளி நிறத்தில் இருக்கும்.
* முடி எல்லையைத் தாண்டி நெற்றி, காதுக்குப் பின்புறம், பிடரிக்கு இறங்கலாம்.
* முழங்கை, முழங்காலில் திட்டுகள், நகத்தில் குண்டூசி குத்தியது போலக் குழிகள் இருக்கலாம்.
* காலையில் மூட்டு விறைத்து வலித்தால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். சொரியாசிஸ் மூட்டையும் தாக்கும்.

இன்று என்ன சிகிச்சை இருக்கிறது?

அடியோடு ஒழிக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆனால் கட்டுப்பாட்டில் வைக்க முடியும். செதிலை இளக்க சாலிசிலிக் அமிலம், தார் கலந்த ஷாம்பு, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும் ஸ்டீராய்டு லோஷன், வைட்டமின் டி வகை மருந்தான கால்சிபோட்ரியால் ஆகியவை முதல் கட்டம். அடங்காவிட்டால் மாத்திரை, புற ஊதாக் கதிர் சிகிச்சை, ஊசி மருந்துகள் என்று போகலாம்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரை கொடுத்தால் அது வாரம் ஒருமுறைதான். தெரியாமல் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பமாக இருப்பவர்கள் அதைத் தொடவே கூடாது.

சித்த மருத்துவத்தில் இதைக் காளாஞ்சகப்படை என்பார்கள். வெட்பாலைத் தைலம் அதற்குப் பெயர்போனது. விரும்புபவர்கள் பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் மட்டும் போக வேண்டும்.

இதைச் செய்யாதீங்க!

செதிலை நகத்தால் பிய்க்க வேண்டாம். காயம் பட்ட இடத்தில் புதுத் திட்டு வரும். மெடிக்கலில் தானாக வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பிட்டுத் திடீரென்று நிறுத்தினால், நோய் உடம்பு முழுக்கச் சீறி எழும். ஒரே வாரத்தில் குணம் என்று வாட்ஸ்அப்பில் வரும் பெயர் தெரியாத பொடிகளில் பாதரசம் இருக்காது என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. பிராங்க்ளினுக்கு அன்று வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது.

எறையூர் பக்கம் இருப்பவர்கள் பெரம்பலூர் அரசு மருத்துவமனையிலோ, அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தோல் பிரிவில் காட்டலாம். போகும்போது பிராங்க்ளின் செய்ததையே செய்யுங்கள். எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு அதிகமானது, என்னென்ன மருந்து போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டாக்டருக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

சலூனில் அடுத்த நாற்காலியில் இருப்பவருக்கும் ஒரு வார்த்தை. தள்ளி உட்கார வேண்டியதில்லை. அது ஒட்டாது.